மறுவாரமும் வருகிற இரண்டு பேர்

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்து, கோயில் வாசலில் நின்று பேசுகிறவர்களும் கலைந்த பிறகு, பின்பக்கத்து மறைக்கல்வி அறையில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுகிறார்கள். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், தையல் வேலை செய்யும் ஒரு அக்கா, மளிகைக் கடைக்காரர், இரண்டு ஆசிரியைகள், கல்லூரியில் படிக்கும் ஒரு பையன். தொடக்க ஜெபம். போன கூட்டத்தின் அறிக்கை. வரவு செலவு. அப்புறம் ஒரு துணிப்பை கைமாறி வருகிறது. வாய் சுருக்கிய சின்னப் பை. எல்லாரும் மூடிய கையை உள்ளே விட்டு, விரித்து வெளியே எடுக்கிறார்கள். ஐந்நூறு ரூபாய் போட்டவரும், பத்து ரூபாய் போட்டவரும், அந்த வாரம் ஒன்றுமே போட முடியாதவரும் ஒரே மாதிரிதான் கையை எடுப்பார்கள். ரகசிய உண்டியல் என்று இதற்குப் பெயர்.

நான் முதல்முறை அங்கே உட்கார்ந்திருந்தபோது பை என்னிடமும் வந்தது. சட்டைப்பையைத் துழாவிக்கொண்டிருந்த என்னைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர், "சும்மா கையை விட்டு எடுங்க, போதும்" என்றார். கூட்டத்துக்குக் கூட்டம் பணம் திரட்டும் ஓர் அமைப்பில், பணம் போடாதவரைக் காப்பாற்றவும் ஓர் ஏற்பாடு இருப்பது எனக்குப் புதிதாக இருந்தது.

பை போன பிறகு நோட்டு திறக்கிறது. அதில் ஆள்பெயர் இல்லை, எண்கள்தான். இரண்டாம் எண் குடும்பத்துக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்தாயிற்றா? ஏழாம் எண்ணில் பையன் பள்ளிக்கூடம் போகிறானா? நாலாம் எண்ணுக்கு இந்த வாரம் யார் போகிறார்கள்? யாராவது இரண்டு பேர் கையைத் தூக்குகிறார்கள். முக்கால் மணி நேரத்தில் கூட்டம் முடிந்துவிடுகிறது.

புனித வின்சென்ட் தே பவுல் சபை என்று சொன்னால் தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர்களில் அநேகம் பேருக்குத் தெரியும். கோயில் அறிவிப்புகளில் வாராவாரம் கேட்கிற பெயர். ஆனால் "ஏழைகளுக்கு அரிசி கொடுப்பாங்களே, அவங்கதானே?" என்பதற்கு மேல் அந்த அறைக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டால் பலருக்கும் சொல்லத் தெரியாது. சுமார் 150 நாடுகளில், ஏறத்தாழ எட்டு லட்சம் உறுப்பினர்களோடு இயங்குகிற அமைப்பு இது. சம்பளம் வாங்காத ஆட்கள். சாமியார் கூட்டத்துக்கு வரலாம், ஆன்மிக வழிகாட்டியாக இருக்கலாம், முடிவெடுப்பது பொதுநிலையினர்தான், அதாவது சாமியாரோ துறவியோ அல்லாத சாதாரண விசுவாசிகள். கோயில் சார்ந்த தொண்டு எப்படி நடக்கிறது, எங்கே வேலை செய்கிறது, எங்கே சறுக்குகிறது என்று தெரிந்துகொள்ள இதைவிடத் தோதான இடம் எனக்குத் தெரியவில்லை. இருநூறு வருஷத்துக்குச் சற்றே குறைவாக அதே வேலையைச் செய்துவருகிறார்கள். செய்த தப்புகளும் அந்த அளவுக்கு உண்டு.

சபைக்குப் பெயர் கொடுத்த வின்சென்ட் அதை ஆரம்பித்தவர் அல்ல. 1581-ல் பிறந்து 1660-ல் இறந்த பிரெஞ்சுப் பாதிரியார் அவர். ஆனால் சபையின் மொத்தச் சிந்தனையும் அவர் வாழ்க்கையின் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அடங்கியிருக்கிறது என்று சொன்னால் மிகையில்லை. 1617 ஆகஸ்ட். லியோனுக்குப் பக்கத்தில் சாத்தியோன் என்ற சிற்றூரில் அவர் பங்குத்தந்தை. பூசைக்கு உடை உடுத்திக்கொண்டிருக்கும்போது ஒருவர் வந்து, ஊருக்கு வெளியே ஒரு வீட்டில் எல்லாரும் நோயில் விழுந்துவிட்டார்கள், தண்ணீர் கொடுக்கக்கூட ஆளில்லை என்கிறார். வின்சென்ட் அதையே மறையுரையில் சொல்கிறார். மத்தியானம் அந்த வீட்டைப் பார்க்கக் கிளம்பினால், வழியெல்லாம் கூட்டம். பெண்கள் கூடையும் பாத்திரமுமாகப் போகிறார்கள், வருகிறார்கள், வெயிலுக்கு மரத்தடியில் உட்காருகிறார்கள். திருவிழாச் சுற்றுப்பிரகாரம் மாதிரி இருந்ததாம்.

இந்த இடத்தில் பெரும்பாலான சாமியார்கள் மனம் நெகிழ்ந்து, இறைவனுக்கு நன்றி சொல்லி, அறைக்குத் திரும்பியிருப்பார்கள். வின்சென்ட் கணக்குப் போட்டார். இத்தனை சாப்பாட்டையும் அந்தக் குடும்பம் இன்றைக்கே சாப்பிட முடியாது, பாதி கெட்டுப்போகும். நாளைக்கு யாரும் வரமாட்டார்கள். நாளை மறுநாள் மறுபடி பட்டினி. அன்புக்குக் குறைவில்லை, ஒழுங்குதான் இல்லை.

சில நாட்களில் ஊர்ப் பெண்களைக் கூட்டி, ஆளுக்கு ஒரு நாள் முறை வைத்தார். டிசம்பருக்குள் அதற்கு விதிமுறைகள் எழுதப்பட்டு முறைப்படி ஒரு சபையே அமைந்துவிட்டது. அந்த விதிமுறைகளைப் படித்தால் ஒரு வீட்டுக்காரம்மாவின் குறிப்பு மாதிரி இருக்கும். சாப்பாட்டைத் தயார் செய், கொண்டுபோ, முகமலர்ச்சியோடு பேசு, துண்டை விரி, தட்டை வை, கையைக் கழுவிவிடு, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடச் சொல்லித் தூண்டு. அதில் ஒரு வரி இருக்கிறது, எனக்கு அதுதான் முக்கியம்: துணைக்கு யாராவது இருக்கும் நோயாளிகளை முதலில் பார், தனியாக இருப்பவரைக் கடைசியில் பார்; அப்போதுதான் அவரோடு அதிக நேரம் இருக்க முடியும். நானூறு வருஷத்துக்கு முன்னால், சூப்பும் இறைச்சியும் ரொட்டியும் எவ்வளவு என்று எழுதிய அதே தாளில், தனிமைக்கும் ஒரு வரி ஒதுக்கியிருக்கிறார்கள்.

நம் ஊர்ப்பக்கம் வருவோம். திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டக் கோயில்களில் அசனம் என்று ஒன்று உண்டு. திருவிழாவில் ஊரே சேர்ந்து சமைத்து, வருகிற எல்லாருக்கும் பரிமாறுவது. பெரிய அண்டாவில் சாதம், ஆட்டுக்கறிக் குழம்பு, பந்தி பந்தியாய் ஆட்கள். அந்த வாசனைக்காகவே வெளியூரிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள் இருக்கிறார்கள், நானும் ஏறியிருக்கிறேன். அசனத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது சாத்தியோன் ஊரின் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். திங்கட்கிழமைக்கு வேறு ஏற்பாடு வேண்டும். பிடி அரிசி என்ற பழைய வழக்கம் அப்படி ஒரு திங்கட்கிழமை ஏற்பாடுதான்: உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிப் பானையில் எடுத்து வைத்து, கோயிலுக்குக் கொடுப்பது. கொடுக்கிறவருக்கு வலிக்காது, வாங்குகிறவருக்கு வாரம் தவறாது.

சபை தோன்றியது இன்னும் இருநூறு வருஷம் கழித்து, பாரிஸில். 1832-ல் அந்த நகரத்தைக் காலரா சூறையாடியது; சாவு 18,000-க்கும் மேல். செத்தவர்கள் அதிகமும் நெருக்கடியான ஏழைத் தெருக்களில். அந்தச் சமயத்தில் லியோனிலிருந்து சட்டம் படிக்க வந்திருந்தவர் பிரெடெரிக் ஓசானாம். மாணவர்கள் கூடி வரலாறும் தத்துவமும் விவாதிக்கும் ஒரு மன்றத்தில் அவர் திருச்சபையின் தரப்பைப் பேசுகிறவர். ஒருநாள் எதிர்த்தரப்பு மாணவர் ஒருவர் மடக்கினார். கிறிஸ்தவம் ஒரு காலத்தில் பெரிய காரியங்கள் செய்தது, சரி. இன்றைக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள்? விவாதத்தில் அதற்குப் பதில் சொல்லிவிடலாம். ஆனால் ஓசானாமுக்கு அது உறைத்துவிட்டது. அவரும் நண்பர் லெ தையாந்தியேயும் குளிர்காலத்துக்கென்று வைத்திருந்ததில் மிச்சமிருந்த விறகைத் தூக்கிக்கொண்டு ஓர் ஏழை வீட்டுக்குப் போனதாகச் சொல்வார்கள்.

1833 ஏப்ரல் 23. ஓசானாமின் இருபதாவது பிறந்தநாள். எமானுவேல் பாயி என்ற பத்திரிகைக்காரரின் அலுவலகத்தில் ஆறு மாணவர்கள் கூடினார்கள். பாயியைச் சேர்த்து ஏழு பேர். சபையின் முதல் கூட்டம் அதுதான். ஏழைகளுக்கு உதவுவது என்று முடிவெடுத்துவிட்டார்கள், ஆனால் ஏழைகளில் ஒருவரையும் அவர்களுக்குத் தெரியாது. படித்த பையன்கள், அந்தத் தெருக்கள் பக்கமே போனதில்லை. அதனால் ரோசாலி ரந்து என்ற அருட்சகோதரியிடம் போனார்கள். பாரிஸின் ஏழைப் பகுதியான மூஃப்தார் தெருப் பக்கம் பல வருஷமாக வேலை செய்துவந்தவர் அவர். யார் எந்த மாடியில் இருக்கிறார், எந்த வீட்டில் குழந்தைக்கு இருமல் என்று அவருக்குத் தெரியும். முதல் குடும்பங்களின் பட்டியலையும், கொண்டுபோக ரொட்டிச் சீட்டுகளையும் அவர்தான் கொடுத்தார். நிறுவனர் என்று ஓசானாமின் படத்தை மாட்டுகிறோம். தொழில் கற்றுக்கொடுத்தது அந்தச் சிஸ்டர்.

ஒன்றரை வருஷத்தில் நூறு பேருக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள். இங்கேதான் சுவாரசியமான சண்டை வந்தது. ஓசானாம், சிறு சிறு குழுக்களாகப் பிரிந்துவிடலாம் என்றார். மற்றவர்கள் கொதித்தார்கள். ஏழு பேராய் ஆரம்பித்த நட்பு, இத்தனை பலம், இதை ஏன் உடைக்க வேண்டும்? வாதம் வாரக்கணக்கில் நீண்டது. கடைசியில் 1835 தொடக்கத்தில் பிரிந்தார்கள். அந்தப் பிரிவுதான் சபையைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன். நூறு பேர் உட்காரும் இடத்தில் மேடை வந்துவிடும், பேச்சாளர் வந்துவிடுவார். பன்னிரண்டு பேர் உட்காரும் இடத்தில்தான் "நாலாம் எண்ணுக்கு யார் போறீங்க?" என்று கேட்டால் யாராவது ஒருவர் கூச்சப்பட்டாவது கையைத் தூக்குவார்.

சிறிதாக இருப்பதற்கு இன்னொரு பலனும் இருந்தது. 1861-ல் மூன்றாம் நெப்போலியனின் உள்துறை அமைச்சர் பெர்சிஞிக்கு, நாடெங்கும் கிளை வைத்திருக்கும் இந்த அமைப்பின் மேல் சந்தேகம் வந்தது. அரசு சொல்கிறபடி தலைமை அமைய வேண்டும் என்றார்கள், சபை சம்மதிக்கவில்லை, பாரிஸில் இருந்த தலைமைக் குழு கலைக்கப்பட்டது. தலை போயிற்று, கிளைகள் பல தங்கள் பாட்டுக்கு நடந்தன. வீட்டுக்கு வீடு போய்வர யாருடைய உத்தரவும் தேவையில்லையே. இரண்டு வருஷம் கழித்து, 1863-ல், சபை மும்பைக்கு வந்து சேர்ந்தது. அங்கிருந்து மெல்ல மெல்ல நம் ஊர்க் கோயில் பங்குகளுக்கும்.

இனி, வேலை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். எப்போதும் இரண்டு பேராகத்தான் போவார்கள். பாதுகாப்புக்கு, சாட்சிக்கு, ஒருவர் பேசும்போது மற்றவர் கவனிப்பதற்கு. என்ன மதம் என்று பார்த்து உதவக் கூடாது. பார்த்ததை வெளியே சொல்லக் கூடாது. பணத்தைச் சேர்த்து வைத்து வங்கிக் கணக்கை வளர்க்கக் கூடாது, வந்ததைச் செலவழிக்க வேண்டும். இந்தக் கடைசி விதி நம் ஊர்க் கமிட்டிகளுக்குச் சுத்தமாகப் புரியாத ஒன்று. நிரந்தர வைப்பில் எவ்வளவு இருக்கிறது என்பதுதானே இங்கே ஓர் அமைப்பின் கௌரவம்.

நான் ஒருமுறை அந்தத் தபால்காரரோடும் கல்லூரிப் பையனோடும் நாலாம் எண் வீட்டுக்குப் போனேன். ஒற்றை அறை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை. எழுபதைத் தாண்டிய அம்மா. கணவர் போய்ப் பல வருஷம். மகன் திருப்பூரில், போன் எப்போதாவது. கொண்டுபோன பையில் எண்ணெய், பருப்பு, சர்க்கரை, டீத்தூள், ஒரு சோப்பு. அதைத் தபால்காரர் கதவோரம் வைத்ததோடு சரி, அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

"என்னம்மா, கால் வீக்கம் வடிஞ்சுதா?"

"வடியுது ஐயா. உக்காருங்க. தம்பி யாரு, புதுசா?"

பிறகு நாற்பது நிமிஷம். கால் வீக்கம், பக்கத்து வீட்டு நாய், மகன் போன் பண்ணாதது, பண்ணினால் பேசுவது, ரேஷன் கடையில் கைரேகை விழாதது. வேலை செய்து செய்து தேய்ந்துபோன விரல்கள். இயந்திரம் அவரை அவர்தான் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறது. பையன் செல்போனில் எதையோ குறித்துக்கொண்டான். திங்கட்கிழமை அவன் அந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும், வேறு விரலை வைத்துப் பார்க்க வேண்டும், அதுவும் விழாவிட்டால் அடுத்து யாரைப் பார்ப்பது என்று கேட்டுவர வேண்டும்.

இந்த இருபது வருஷத்தில் மாறியது இதுதான். 2008-ல் ஒரு ரூபாய் அரிசி வந்தது. 2011 ஜூனிலிருந்து தமிழ்நாட்டு ரேஷன் கடையில் அரிசி இலவசம். அதற்கு முன்னால் சபையின் வேலையே அரிசிதான். இன்றைக்கு அரிசி கேட்டு வருகிறவர்கள் குறைவு என்று பழைய உறுப்பினர்கள் சொல்கிறார்கள். பசி போய்விட்டது என்று அர்த்தமில்லை. தேவை வேறு இடத்துக்கு நகர்ந்துவிட்டது. மாத்திரை, வாடகை, ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ, கல்லூரிக் கட்டணத்தின் கடைசி மூவாயிரம். எல்லாவற்றுக்கும் மேலாகக் காகிதம். முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய் அரசாங்கமே தருகிறது; ஆனால் விண்ணப்பம், சான்று, கிராம நிர்வாக அலுவலர், தாலுகா ஆபீஸ், வங்கிக் கணக்கு என்று ஒவ்வொரு படியாக ஏறுவதற்கு அந்த அம்மாவால் முடியாது. அந்தப் படிகளில் கூடவே ஏறுகிற ஓர் ஆள், அரிசி மூட்டையைவிட இன்றைக்கு மதிப்புள்ள உதவி. போட்டோ எடுத்துப் போட முடியாத உதவியும்கூட.

போட்டோ என்று சொல்லிவிட்டேன், அதையும் பேசிவிடலாம். ரகசிய உண்டியலைக் கண்டுபிடித்த மரபிலிருந்து வந்தவர்களே, கிறிஸ்துமஸ் சமயத்தில் பத்து விதவைகளை வரிசையாக நிறுத்தி, சேலையை ஆளுக்கொரு முனையில் பிடித்துக்கொண்டு படம் எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். கொடுக்கிறவர் பெயரை மறைக்கப் பை இருக்கிறது, வாங்குகிறவர் முகத்தை மறைக்க ஒன்றுமில்லை. இதைக் கேட்டால், "நன்கொடையாளர் கேட்கிறாங்க, என்ன செய்ய" என்பார்கள். உண்மைதான், கேட்கிறார்கள். அதனால்தான் வெளியாள் பணத்தைவிட அந்த அறையில் இருக்கும் பன்னிரண்டு பேரின் பணம் சுத்தமானது என்று எனக்குத் தோன்றுகிறது.

வெளியாள் பணத்துக்கும் ஒரு கதை உண்டு. வசதியான நாட்டுக் கிளை ஒன்றும் வசதியில்லாத நாட்டுக் கிளை ஒன்றும் ஜோடி சேர்வது சபையில் நெடுநாள் வழக்கம். சிறு தொகை வரும், கூடவே கடிதம் வரும். ஆஸ்திரேலியாவில் ஏதோ ஒரு பங்கில் இருப்பவர்களுக்கு இங்கேயுள்ள ஒரு கிளையின் நல்லது கெட்டது தெரியும். 2010-ன் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2020-ல் திருத்தப்பட்டபோது, ஓர் அமைப்பு வாங்கும் வெளிநாட்டுப் பணத்தை இன்னோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுப்பது தடை செய்யப்பட்டது; பணம் டெல்லியில் குறிப்பிட்ட ஒரு ஸ்டேட் வங்கிக் கிளைக் கணக்கில்தான் வந்திறங்க வேண்டும் என்றானது; நிர்வாகச் செலவு வரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமானது. மேலே ஓரிடத்தில் வாங்கிக் கீழே சிறுசிறு குழுக்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் எந்த ஏற்பாட்டுக்கும் இது பலத்த அடி. பெர்சிஞியின் காலத்தில் நடந்ததற்கும் இதற்கும் உள்ள வித்தியாசங்களை வக்கீல்கள் சொல்லட்டும். உள்ளூர் உண்டியலை நம்பி இருந்த கிளைகளுக்குப் பாதிப்பு குறைவாகத்தான் இருக்கும், அதுமட்டும் நிச்சயம்.

மதமாற்றச் சந்தேகத்தைத் தாண்டிப் போய்விட முடியாது. கோயில் ஆட்கள் அரிசிப்பையோடு ஒரு தெருவுக்குள் நுழைந்தால் அந்தக் கேள்வி எழத்தான் செய்யும். மதம் பார்க்காமல் உதவ வேண்டும் என்று சபையின் விதி தெளிவாகவே சொல்கிறது, பல கிளைகளின் பட்டியலில் இந்து, முஸ்லிம் குடும்பங்களும் இருக்கின்றன. இதெல்லாம் சரி. எனக்கு உறுத்துவது இன்னும் நுணுக்கமான இடம். கிளம்பும்போது, "ஒரு ஜெபம் பண்ணட்டுமா?" என்று கேட்பார்கள். நல்ல மனசோடு கேட்கிற கேள்வி. ஆனால் பருப்பும் எண்ணெயும் கதவோரம் இருக்கும்போது "வேண்டாம்" என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? வேறு மதத்து வீடுகளில் அவர்களாகக் கேட்டால் ஒழிய நாங்கள் ஜெபம் சொல்வதில்லை என்றார் அந்தத் தையல்கார அக்கா. அது எழுதி வைத்த விதியல்ல, அவரே வைத்துக்கொண்டது.

சாதி இதைவிடக் கடினம். தமிழகத் திருச்சபையில் தனிக் கல்லறையும் தனித் தெருத் தேரும் இருந்த, சில இடங்களில் இன்னும் இருக்கிற, வரலாறு யாருக்கும் புதிதல்ல. 2008-ல், அப்போதைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் கிறிஸ்தவர்களுக்குள்ளேயே மூண்ட மோதல் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் முடிந்து இரண்டு உயிர் போனது. 1950-ன் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, கிறிஸ்தவரான தலித்துக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கிடையாது. பின்னால் சீக்கியருக்கும் பௌத்தருக்கும் திறந்த கதவு இவர்களுக்குத் திறக்கவில்லை. சட்டம் சாதி இல்லை என்கிறது, ஊர் இருக்கிறது என்கிறது. இந்த நிலையில் எந்தத் தெருவுக்கு எந்த இரண்டு பேர் போகிறார்கள் என்பது சின்ன விஷயம் அல்ல. நோட்டில் இருக்கிற எண்ணுக்குச் சாதியில்லை, நடந்து போகிற ஆளுக்கு இருக்கிறது. நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன்: அந்த வீட்டில் கொடுக்கிற காப்பியைக் குடிக்கிறார்களா? "இப்பத்தான் குடிச்சிட்டு வந்தோம்" என்ற பதில் எல்லா வீட்டிலும் வருகிறதா, சில வீடுகளில் மட்டும் வருகிறதா? நாலாம் எண் வீட்டில் எங்களுக்குக் கடுங்காப்பி வந்தது, கருப்பட்டி போட்டு, மூன்று வேறு வேறு டம்ளர்களில். தபால்காரர் குடித்துவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டார். கொடுக்கிற கை மேலே, வாங்குகிற கை கீழே என்ற கணக்கு அந்த ஐந்து நிமிஷம் தலைகீழாக இருந்தது.

சபையின் மேல் ஆரம்பத்திலிருந்தே இருக்கும் பெரிய விமரிசனம் வேறு. வீடு வீடாய்ப் போய் ரொட்டி கொடுக்கிறீர்கள், அந்த வீட்டில் ரொட்டி இல்லாமல் போனதற்குக் காரணம் என்ன என்று கேட்கிறீர்களா? இதில் ஓசானாமே ஒரு முடிச்சு. 1836-லேயே நண்பருக்கு எழுதிய கடிதத்தில், வரப்போகிற சண்டை அரசாங்க வடிவத்தைப் பற்றியதல்ல, ஒன்றும் இல்லாதவர்களுக்கும் மிதமிஞ்சி வைத்திருப்பவர்களுக்கும் இடையிலானது என்று சொல்லிவிட்டார். 1848-ல் புரட்சி வந்தபோது பத்திரிகை நடத்தினார், தேர்தலில் நின்று தோற்றார். அந்த ஜூனில் பாரிஸ் தெருக்களில் தடுப்பரண்கள் எழுந்து தொழிலாளரும் படையும் சுட்டுக்கொண்டபோது, அமைதி பேச நீங்கள் போகலாமே என்று பேராயர் அஃப்ரிடம் போய்க் கேட்டவர்களில் அவரும் ஒருவர். பேராயர் போனார், குண்டடிபட்டு இரண்டு நாளில் இறந்தார். இத்தனை செய்த ஓசானாம் தொடங்கிய சபையோ அரசியலைக் கூட்டத்துக்குள் விடுவதில்லை என்று ஒதுங்கியே இருந்தது. அதனால்தான் உடையாமல் நீடித்தது என்பார்கள். இருக்கலாம். ஆனால் ஏழாம் எண் வீட்டுப் பையன் படிப்பை விட்டதற்குக் காரணம் வட்டிக்கடன் என்று நோட்டில் மூன்று வருஷமாக எழுதியிருக்கும்போது, வட்டிக்காரர் அதே கோயிலில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தால், அதைப் பற்றிப் பேச அந்த அறையில் இடமில்லை என்பதும் உண்மை.

ரொட்டிச் சீட்டிலேயே இந்தச் சிக்கல் இருந்தது. காசாகக் கொடுத்தால் குடித்துவிடுவான் என்ற பயத்தில் பிறந்தது சீட்டு. இன்றைக்கும் பணமா பொருளா என்று ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர் ஆரம்பிப்பார். புதிதாய் வந்தவர்கள் பொருள் என்பார்கள். பல வருஷம் வீடுகளுக்குப் போய்ப் பழகியவர்கள் கவரில் போட்டுக் கொடுத்துவிடலாம் என்பார்கள். எதற்குச் செலவழிக்க வேண்டும் என்று அந்த வீட்டுக்குத்தான் தெரியும் என்பது அவர்கள் கட்சி. பழக்கம் கூடக் கூட நம்பிக்கையும் கூடுகிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஓசானாம் 1853-ல் நாற்பது வயதில் இறந்துபோனார். 1997-ல் பாரிஸ் நோத்ர் தாம் ஆலயத்தில் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அவருக்கு, புனிதர் பட்டத்துக்கு முந்தின படியான முத்திப்பேறு பட்டம் அளித்தார். சிஸ்டர் ரோசாலிக்கு 2003-ல். ஆண்கள் மட்டுமே இருந்த சபையில் 1960-களின் கடைசியில் பெண்களும் சேர்ந்தார்கள். இன்று நான் பார்க்கும் கூட்டங்களில் வீட்டுக்குள் போய்ப் பேசுகிற வேலையைப் பெரும்பாலும் அவர்கள்தான் செய்கிறார்கள். இளைஞர்கள் குறைவு. அன்பியம் என்கிற அக்கம்பக்கத்து ஜெபக் கூட்டம், பாடகர் குழு, கிறிஸ்துமஸ் குடில் என்றால் வருகிற பிள்ளைகள், வாராவாரம் ஒரே வீட்டுக்குப் போ என்றால் மூன்றாம் வாரம் காணாமல் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியவில்லை. இருபது வயதுக்கு வாராவாரம் என்பது நீண்ட காலம். அந்த முதல் ஆறு பேருக்கும் கிட்டத்தட்ட அதே வயதுதான் என்பதையும் சொல்ல வேண்டும்.

நாலாம் எண் வீட்டுக்கு வருகிறேன். கொடியேற்றத்தின்போது எல்லாருக்கும் கோயிலில் வேலை. தோரணம், ஒலிபெருக்கி, வெளியூர் விருந்தாளிகள். அந்த வாரம் யாரும் போகவில்லை. பொருள் தீர்ந்திருக்காது, முந்தின வாரம்தான் கொடுத்தது. அடுத்த ஞாயிறு தபால்காரரும் பையனும் போனபோது அந்த அம்மா எண்ணெயைப் பற்றியோ பருப்பைப் பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை. "போன சனிக்கிழமை ராத்திரியே வீட்டைப் பெருக்கி, டம்ளரெல்லாம் கழுவி வச்சேன் ஐயா" என்று மட்டும் சொன்னாராம்.

அடுத்த கூட்டத்தின் அறிக்கையை நானும் கேட்டேன். பையன்தான் வாசித்தான். "நாலாம் எண்: சென்ற வாரம் செல்லவில்லை. காரணம், திருவிழா வேலை. வருத்தம் தெரிவிக்கப்பட்டது. கைரேகை, இடது கை நடுவிரல், பதிவாகிறது." அப்புறம் துணிப்பை சுற்றிவர ஆரம்பித்தது.